ஜன்னலில் காத்திருந்தவள்

திரையில் இருந்த அந்தப் பெண், இருதயராஜ் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

அமல்ராணிக்கு அது உடனே உறைக்கவில்லை. விழுப்புரத்து மண்டபத்தில் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். பெண்கள் பக்கத்து பெஞ்சுகளில் வாடிய மல்லிகையும் வியர்வையும் சூடேறிய படமெஷினின் எண்ணெய் வாசனையும் கலந்து மூச்சுமுட்ட நின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை சர்வகலாசாலையின் பொதுச் சொற்பொழிவு அங்கே நடக்கும். சென்னையிலிருந்து ஒரு புரொபசர் வந்து பேசுவார். அவர் பேசி முடித்ததும் ஏதாவது ஒரு வெளிநாட்டுப் படம் காட்டுவார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதே படப்பெட்டி, அதே மெஷினோடு திண்டிவனத்துக்கு வரும். படத்தின் அடியில் இங்கிலீஷ் எழுத்துகள் ஓடும். அதைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் திரையோரம் நின்று தமிழில் சொல்வார். இரண்டு ஊரிலும் அந்த ஒருவர், திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த அமல்ராணியின் புருஷன் இருதயராஜ்தான்.

படத்தில் வருகிறவர்கள் நமக்காக நிற்பார்களா? அவர் ஒரு வாக்கியத்தைத் தமிழில் முடிப்பதற்குள் அங்கே இரண்டு பேர் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகியிருப்பார்கள். பந்தியின் கடைசி வரிசைக்குச் சாம்பார் வாளியோடு ஓடுகிறவனைப் போல அவர் எப்போதும் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார். ஜனங்கள் சிரிப்பார்கள்.

அன்று பனி கொட்டும் தெரு ஒன்று வந்தது. மாடி ஜன்னல் வந்தது. ஜன்னலில் வெளுத்த கண்களோடு, கூந்தலைத் தளர முடிந்த ஒருத்தி நின்றாள். ஏதோ சொன்னாள். நிறுத்தினாள்.

"இருட்டிவிட்டது, என்கிறாள்," என்றார் இருதயராஜ். அவசரமே இல்லை அவர் குரலில். "நீ இன்னும் வரவில்லை, என்கிறாள். உன் நாற்காலியை நகர்த்தாமல் வைத்திருக்கிறேன், என்கிறாள்."

அதுவரைக்கும் அவள் உதடு அசையவில்லை. கண்கள் மட்டும் ஓரமாகத் திரும்பி, திரையின் வலது பக்கத்தில் அவர் நின்ற இடத்தில் பதிந்திருந்தன. அவர் முடித்தார். அவள் தொடர்ந்தாள்.

கன்னியாஸ்திரிகளிடம் எட்டாவது வரை படித்தவள் அமல்ராணி. எழுத்துக்கூட்டிப் படிப்பாள். திரையின் அடியைப் பார்த்தாள். எழுத்து ஒன்றும் ஓடவில்லை.

பக்கத்தில் இருந்த லட்சுமியம்மாள் விலாவில் இடித்தாள். திண்டிவனத்தில் அடுத்த வீட்டுக்காரி, துணைக்கு வந்திருந்தாள். "இன்னாடி ராணி, உன் வூட்டுக்காரரு அந்த வெள்ளக்காரிகிட்ட இம்மாம் பொறுமையா பேசறாரு? வூட்லயும் இப்படித்தானா?"

"ஆமா, எங்கிட்ட பேசறதுக்கு அவருக்கு எங்க நேரம்?" என்று அமல்ராணி சிரித்தாள். சிரித்த சிரிப்பு மீன் முள்ளைப் போலத் தொண்டையில் நின்றது.

ஏனென்றால் அது உண்மை. அவளை ஒரு வாக்கியம்கூட அவர் முடிக்க விட்டதில்லை. "சந்தையில இன்னிக்கி..." என்று ஆரம்பித்தால், "கத்திரிக்கா வெல ஏறிப்போச்சா, சரி" என்று அவரே முடித்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வார். செத்துப்போன அக்காவின் ஜாடையில் ஒருத்தியைச் சந்தையில் பார்த்ததைத்தான் அன்று அவள் சொல்ல வந்தாள். அது அப்படியே வயிற்றுக்குள் போய்விட்டது. அப்படிப் போனவை எத்தனையோ. அவர் கெட்டவர் இல்லை, அடித்ததில்லை, குடித்ததில்லை. அவருக்குப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தாள். பொறுமை இருந்திருக்கிறது. வேறு ஒருத்திக்காக எடுத்து வைத்திருக்கிறார்.

திரும்பி வந்த பாசஞ்சர் வண்டியில் லட்சுமியம்மாள் ஏறியதுமே தூங்கிப்போனாள். முண்டியம்பாக்கம் தாண்டியதும் அமல்ராணி கேட்டாள்.

"ஏங்க, அந்த ஜன்னல்காரி பேசறப்ப கீழ எழுத்து வரலியே. நீங்க எப்படி..."

"நீ படிக்கிறதுக்குள்ள ஓடிருக்கும்."

"இல்லீங்க, நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

அவர் வெளி இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகைக்கரி படிந்த கம்பியில் கன்னத்தைச் சாய்த்திருந்தார். "எழுத்து எதுக்கு? அவ சொல்றது எனக்குப் புரியுது," என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "பாவம். யாருமே இல்ல அவளுக்கு."

"சினிமாக்காரிதானே. வேஷம் போட்டுக்கினு..."

"சரி சரி," என்றார்.

அன்று ராத்திரி அவர் தூக்கத்தில் பேசினார். வார்த்தை புரியாத முணுமுணுப்பு. அது அவளைப் பயமுறுத்தவில்லை. அவர் நடுநடுவே நிறுத்தியதுதான் பயமுறுத்தியது. பேசிவிட்டு நிறுத்துவார்; மூச்சுகூட விடாமல் கேட்பார்; "உம்" என்பார்; மறுபடி பேசுவார். அமல்ராணி பக்கத்துப் பாயில் கண்ணை மூடாமல் கிடந்து, அந்த இடைவெளிகளுக்குள் காதை நீட்டினாள். ஓட்டின் மேல் ஏதோ ஊர்ந்தது. தெருநாய் ஒன்று குரைக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டது. இடைவெளியில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அந்த அமைதி ஏன் இவ்வளவு குளிராக இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. ஆனி மாதத்தில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பயத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. தன் வீட்டில், தன் பாய்க்குப் பக்கத்தில், தன் புருஷன் இன்னொருத்தி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

காலையில் பூசை முடிந்ததும் முக்காட்டைக்கூட எடுக்காமல் பள்ளிக்கூட ஹாலுக்குப் போனாள். மெஷின் ஓட்டுகிற தொம்மை அங்கே ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய அம்மா வீட்டு ஊரான கிளியனூர்க்காரன், அண்ணன் முறை.

"அண்ணே, அந்த ஜன்னல்ல நிக்கிற பொம்பளை வர்ற எடத்த வெட்டி எடுத்துடு."

தொம்மை நிமிர்ந்தான். "இன்னாம்மா பேசற? இது சர்வகலாசாலை சொத்து. என் வேலைக்கு வேட்டு வெக்கிறியா?"

"இன்னிக்கி கன்னியாஸ்திரிம்மாருங்க வர்றாங்க. அந்த எடம் அவங்க பாக்கற மாதிரியா இருக்குது?" பூசை முடித்த வாயால் பொய் சுலபமாக வந்தது. "எங்க வூட்டுக்காரரே வெட்டச் சொன்னாரு."

"சாரே சொன்னாரா? அப்ப எனக்கு இன்னா." படம் நடுவில் அறுந்தால் வெட்டி ஒட்டுவது அவனுக்குப் பழக்கம். ரீலை ஓடவிட்டு, அந்த இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். கண்ணைச் சுருக்கினான். இன்னும் கொஞ்சம் இழுத்தான். இன்னும் கொஞ்சம்.

"ஆளக் காணோமே."

"இன்னா?"

"நேத்து நானே பாத்தேனே தங்கச்சி. இதான் எடம். பனி, மாடி, ஜன்னல், எல்லாம் இருக்குது. அவளக் காணோம்."

அமல்ராணி வாங்கிப் பார்த்தாள். நகத்தளவு கட்டங்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. எல்லாவற்றிலும் அதே ஜன்னல். திரைச்சீலை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது, யாரோ இப்போதுதான் விலகிப் போனதுபோல.

அப்போதாவது அவள் விட்டிருக்கலாம். ஆனால் பொறாமை பிடித்த மனது எதிரியைக் காணாவிட்டால் அவள் நின்ற இடத்தையாவது இடிக்கப் பார்க்கும். "வெட்டு," என்றாள்.

வெட்டிய சுருளை முந்தானையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டாள். அது சட்டென்று பிடிக்கவில்லை. சுருண்டது, நெளிந்தது, முடி கருகும் நாற்றத்தோடு கறுத்து உருகியது. புகை கூரைக்குப் போகாமல் அவள் முகத்துக்கே வந்தது. இருமினாள். கண்ணில் நீர் வர இருமினாள். உள்ளே போன புகை வெளியே வரவில்லை.

சாப்பிட வந்த இருதயராஜ் சமையலறை வாசலில் நின்று மூச்சை ஆழமாக இழுத்தார். முகம் மலர்ந்தது. "இன்னா வாசனை?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தொண்டை கட்டியிருந்தது. காற்றுதான் வந்தது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

சாயங்காலம் ஹால் நிரம்பி வழிந்தது. புரொபசர் பேசி அமர்ந்தார். விளக்கு அணைந்தது. மெஷின் கடகடத்தது. இருதயராஜ் வழக்கம்போலப் பின்னாலேயே ஓடினார், ஜனங்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். பனி கொட்டும் தெரு வந்தது. அமல்ராணி பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். படம் ஒரு துள்ளு துள்ளியது. தெரு போய் ஒரு கடைவீதி வந்தது.

ஜன்னல் வரவில்லை. அவள் வரவில்லை.

போனாள், என்று நினைத்தாள். ஒழிந்தாள்.

கடைவீதியில் யார் யாரோ பேசினார்கள். அடியில் எழுத்துகள் ஓடின. இருதயராஜ் பேசவில்லை. தலையைச் சாய்த்து, மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறவரைப் போல நின்றார்.

"இன்னா சார், தூங்கிட்டியா? பேசு சார்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஒரு விசில். சிரிப்பு.

அப்போது அந்தக் குரல் கேட்டது. நேற்றைய குரல். அதே பாஷை. திரைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. மிகவும் பக்கத்திலிருந்து.

முன் பெஞ்சுக்காரிகள் திரும்பினார்கள். பக்கத்தில் இருந்த லட்சுமியம்மாள் அமல்ராணியின் கையை உரசியிருந்த தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

ஏன் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்?

தொண்டை அதிர்ந்தது. உதடு அசைந்தது. ஒவ்வொரு வார்த்தையும் வாய்க்குள் குளிர்ந்த கூழாங்கல்லாக உருண்டு வெளியே போனது.

இருதயராஜ் நிமிர்ந்தார். பார்த்தார். இந்த ஒரு பார்வையைக் கேட்டுத்தான் அவள் வருஷா வருஷம் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஏங்க, எனக்கு என்னமோ ஆவுது, வூட்டுக்குக் கூட்டினு போங்க. அதைத்தான் சொன்னாள். அவள் காதில் வேறு பாஷை விழுந்தது. அவர் கேட்டார். குறுக்கே பேசாமல், கடைசி வார்த்தைவரை, அவள் மூச்சு வாங்கும்வரை. பிறகு ஜனங்கள் பக்கம் திரும்பினார்.

"ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டேன், என்கிறாள்."

நான் ராணிங்க. உங்க ராணி.

"இனிமேல் போகமாட்டேன், என்கிறாள்."

இதுவும் படத்தோடு சேர்ந்த ஏதோ ஏற்பாடு என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். ஹால் முழுக்கக் கைதட்டியது.

வீட்டுக்கு நடந்தபோது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் ஒரு நாளும் பிடிக்காதவர். விரலுக்குள் விரல் கோத்து. அவளால் உருவ முடியவில்லை. கால்கள் அவர் பக்கமாகவே நடந்தன.

பூட்டைத் திறந்தார். "குனிஞ்சி வா. நெலை தாழ்வு. ராணியும் வந்த புதுசுல இடிச்சிக்குவா."

விளக்கை ஏற்றினார். "இதான் சமையக்கட்டு. தண்ணி அங்க இருக்குது." கொடியில் காலையில் அவள் துவைத்துப் போட்ட புடவை தொங்கியது. அதைத் தொட்டுக் காட்டினார். "இது அவளோடது. பிடிச்சா கட்டிக்கோ. இல்லாட்டி யாருக்குனா குடுத்துடலாம்."

அவளை உட்காரவைத்தார். எதிரே தானும் உட்கார்ந்து, முழங்காலில் கை ஊன்றி, "சொல்லு," என்றார். "உனக்கு இன்னா வேணும்? மெதுவா சொல்லு. நான் கேட்டுக்கினுதான் இருக்கேன்."

அமல்ராணி கத்தினாள். உள்ளே இருந்த அத்தனை பலத்தையும் திரட்டிக் கத்தினாள்.

வாய் சிரித்தது. நிதானமாக ஏதோ கேட்டது.

என்ன கேட்டது என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. "ஆமாம், அது எதுக்கு இனிமே," என்று எழுந்தார். அவளுக்குப் பின்னால் வந்து மண்டியிட்டார். கூந்தலை ஒதுக்கினார். பின்கழுத்தில் அவருடைய விரல்கள் தாலியின் முடிச்சைத் தேடின.

மெதுவாக. பொறுமையாக. வலிக்காமல்.