மாற்ற ஆள் வராத பேட்ஜ்

காலையில் புளி போட்டுத் தேய்த்துத் துடைத்து வைத்த பேட்ஜ், சாயங்காலம் வியர்த்திருந்தது. நான்தான் சரியாகத் துடைக்கவில்லையோ என்று பரிதிக்குச் சந்தேகம். முகர்ந்து பார்த்தான். பித்தளை வாடை இல்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த ஆளின் உடம்பு வாடை.

"மதராஸ் டிராம் கண்டக்டரோடது," என்றார் அப்துல் அஜீஸ். தஞ்சாவூர் கீழவாசலில் பரிதி வேலை பார்க்கும் பழம்பொருள் கடை அவருடையது. "அடுத்த ஆள் வந்து பேட்ஜ வாங்கிக் குத்திக்கிட்டாத்தான் வண்டிய விட்டு எறங்கலாமாம். இந்த ஆளுக்கு மாத்த ஆளே வரல. நின்னபடியே உசுரு போயிடுச்சாம்."

"ஏழு மணிக்கு எனக்கு ஆன்லைன் பரீட்சை பாய். பயமுறுத்தாதீங்க."

"பேட்ஜ வாங்குறவரு, சட்டையில குத்தின மாதிரி போட்டோ கேக்குறாரு. நில்லு தம்பி." அவரே குத்திவிட்டார். "டிக்கெட்டுக்குக் கூடுதலா காசு வாங்கிடாத," என்று சிரித்துக்கொண்டே படம் எடுத்தார். பாங்கு கேட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தொழப் போனார்.

பரிதி ஊக்கைக் கழற்றப் பார்த்தான். அசையவில்லை. வெளியே போகும் பஸ்களின் இரைச்சலுக்கு அடியில், இரும்பை இரும்பு உரசும் ஒலியொன்று மெதுவாக நெருங்கி வர, காலடியில் தரை லேசாக ஆட, எண்ணெய்த் தலையும் ஈர வேட்டியும் பீடிப் புகையும் கலந்த நெரிசல் வாடை அலமாரிகளுக்கு நடுவே நிறைந்தது. யாரும் இல்லை. ஆனால் முழங்கையில் யாரோ உரசினார்கள்.

சட்டையையே கழற்றினான். சட்டை வந்தது. பேட்ஜ் வரவில்லை. ஊக்கு தோலுக்குள் இருந்தது. ரத்தம் இல்லை.

ஷட்டருக்கு ஓடிக் குனிந்தான். கால் படியைத் தாண்ட மறுத்தது. வெளியே தெரு நகர்ந்துகொண்டிருந்தது. டீக்கடை போனது. மருந்துக்கடை போனது. மறுபடி டீக்கடை. நிற்கவில்லை.

"பாய்! அஜீஸ் பாய்!"

ஷட்டருக்குக் கீழே செருப்புக் கால்கள். ஓடும் வண்டியில் தொற்றுகிறவர்போல் ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, அவர் உள்ளே ஏறினார்.

"கழட்டி விடுங்க பாய். நீங்களாவது வாங்கிக்கங்க. நான் எறங்கணும்."

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பேட்ஜைப் பார்த்தார். பின்னால் நிற்கும் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கிக் கையை நீட்டினார். உள்ளங்கையில் ஈரமான காசு.

"ஒரு டிக்கெட் குடுங்க."

இருட்டிலிருந்து இன்னொரு கை நீண்டது. இன்னொன்று. இன்னும்.

பரிதியின் வலது கை, அவனைக் கேட்காமல், மேலே போய் ஒரு மணிக்கயிற்றைப் பிடித்தது.

இழுத்தது.