ஈரம் காயாத முகங்கள்

பையின் உட்புறம் வேர்த்திருந்தது.

ஜெனூபா அதைத் தூக்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். வாய் ஒட்டிய பொலித்தீன் பை, உள்ளே விரல் நீளத்தில் ஒரு தேவதைப் பொம்மை. அதன் வாய்க்கு நேரே மட்டும் பையில் வட்டமாக ஆவி படிந்திருந்தது. மாரி மழையில் வீட்டுச் சுவரே வேர்க்கிறது, பைக்கு வேர்த்தால் என்ன? பொம்மைத் தலைக்கு மரமணி விற்ற கடைக்காரன்தான் ஈரச் சரக்கைத் தலையில் கட்டியிருப்பான், கள்ளன்.

அவளுடைய கணக்கில் கல்முனையில் மதிக்கத்தக்க மனிதர் என்று யாரும் கிடையாது. கடைக்காரன் கள்ளன் என்றால், பொம்மை வாங்க வருகிற பெண்கள் புத்தியில்லாத மொக்குகள். எல்லோரையும்விடப் பெரிய மொக்கு, பக்கத்து வளவில் இருக்கும் கூடப்பிறந்த அக்கா, ஸைனம்பு ராத்தா.

அந்தத் தேவதைகளைச் செய்வது ஒரு பெரிய வித்தையில்லை. மரமணி ஒன்று தலை. கம்பியை முறுக்கினால் கை, கால். பிளாஸ்டிக் பூவைப் பிய்த்து இதழைக் கவிழ்த்தால் சட்டை, கம்பளி நூலில் முடி, கிழிந்த நுளம்பு வலையில் சிறகு. முகம் மட்டும் இத்தனை காலமும் வரைந்ததில்லை. உருவத்துக்கு முகம் வைப்பது பாவம் என்று ஊர் மொட்டை முகமாகத்தான் கேட்கும். முட்டைக்குச் சட்டை போட்டுக் கொடுத்தாலும் வாங்குவார்கள் என்று ஜெனூபா இளக்காரமாக நினைத்துக்கொள்வாள். இப்போது கொழும்பிலிருந்து ஒரு கடை முகத்தோடு கேட்டிருந்தது.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பொம்மைகளை வரிசையாக நிறுத்தி, கறுப்பில் கண்ணும் சிவப்பில் குட்டி வாயும் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் றுக்ஸானா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ராத்தா கஞ்சிக் கோப்பையோடு வந்து நின்றாள்.

"வேணாம் கா. முகம் வரைஞ்சவங்களுக்கு மறுமையில கேள்வி இரிக்கி. செஞ்ச நீயே இதுக்கு உசிரையும் குடு எண்டு கேக்கப்படும். உன்னால ஏலுமா?"

"மறுமை வரைக்கும் என்னத்துக்கு ராத்தா காத்திரிக்கணும்?" ஜெனூபா தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "இப்பயே குடுத்தாப் போச்சி. மகள், ஊது. பெரியம்மா பாக்கட்டும். பெயின்டும் காயும்."

மூச்சு முட்டு வருத்தக்காரப் பிள்ளை. மழை நாளில் நெஞ்சு இழுத்துக்கொண்டேயிருக்கும். உம்மா ஒரு வேலை சொல்லிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் கன்னத்தை உப்பவைத்து ஒவ்வொரு முகமாக ஊதியது.

"காயல்ல உம்மா. இன்னும் ஊதவா?"

"ஊது, ஊது."

ராத்தாவின் முகம் செத்துப்போனது. கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஜெனூபாவுக்குச் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது. ஓட்டை ரேடியோ ஒன்றின் வாயை மூடிவிட்ட திருப்தி.

இன்று பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொன்னதிலிருந்து மழை விடவில்லை. ஓட்டில் விழும் தண்ணீர் பீலியில் இறங்கி வளவெல்லாம் ஓட, அதற்கப்பால் கடல் இரைய, தவளைகள் ஒன்று விட்ட இடத்தில் ஒன்று கத்த, வீட்டுக்குள் காய்ந்த பசை வாடையும் பிள்ளைக்குப் பூசிய தைல வாடையும் கலந்து கிடந்தன. அறையில் றுக்ஸானாவுக்கு முட்டு. மருந்துப் பம்பை இரண்டு தரம் அடித்தாகிவிட்டது. கீச்சென்று மூச்சு ஏறுவதும் இறங்குவதும் மழையை மீறிக் கேட்டது.

ராத்தாவின் கரிநாக்கு என்று ஜெனூபா பல்லைக் கடித்தாள். பையைத் திரும்ப அலுமாரித் தட்டில் வைக்கப் போனவள் நின்றாள்.

தட்டில் இருந்த எல்லாப் பைகளிலும் ஆவி. எல்லாவற்றிலும் வாய்க்கு நேரே.

அறையில் மூச்சு ஏறியது. பைகள் ஒட்டிச் சுருங்கின. அறையில் மூச்சு இறங்கியது. பைகள் உப்பின.

காற்று, என்று வாய்விட்டுச் சொன்னாள். யன்னல்கள் பூட்டியிருந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் புருஷன் அப்துல் கபூர் மச்சானின் ஆட்டோ நின்றது. ஒரு கூப்பிடு கூப்பிட்டால் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். கூப்பிட்டால் ராத்தாவும் வருவாள். வந்து, "நான் செல்லலயா கா?" என்பாள். ஆயுள் முழுக்க என்பாள். அந்த மொக்கிடம் போய் நிற்பதா? இன்னொரு தரம் பம்ப் அடித்தால் இறங்கிவிடும். ஜெனூபா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு பையைக் கிழித்தாள். பொம்மை கையில் சூடாக இருந்தது. வாயைத் தொட்டாள். விரலில் சிவப்பு ஒட்டியது. நேற்று வரைந்தது. இன்னும் ஈரம்.

அவள் வரைந்தது மூடிய வாய். இது திறந்திருந்தது.

கீச்சென்ற சத்தம் நின்றது.

அல்ஹம்துலில்லாஹ், இறங்கிவிட்டது. ஒரு கணம் அவளுக்குத் தன் கெட்டித்தனத்தின் மேல் பெருமைகூட வந்தது. யாரையும் கூப்பிடவில்லை. யாரிடமும் போய் நிற்கவில்லை.

அறைக்குள் போனாள். றுக்ஸானா மல்லாந்து கிடந்தது. ஊதுவதற்குக் குவித்த மாதிரியே உதடுகள்.

"மகள்."

மூக்கடியில் விரல் வைத்தாள். ஒன்றுமில்லை. கையில் கிழிந்த பொலித்தீன் இன்னும் இருந்தது. அதை மகளின் வாய்க்கு நேரே பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். ஆவி படியவில்லை.

"ராத்தா," என்றாள். பிறகு கத்தினாள். "ராத்தா!"

மழை. கடல். வேலிக்கு அந்தப் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை.

பின்னால் கீச்சென்றது. கூடத்தில், அலுமாரித் தட்டில். ஒன்றல்ல, எல்லாம் ஒன்றாக. ஏறியது. இறங்கியது. பொலித்தீன் சரசரத்தது.

திரும்பிப் பார்க்காமல் ஜெனூபா மகளை அணைத்துக்கொண்டாள். அவளுடைய காதுக்குத் தெரிந்த குரல்தான். முட்டு இழுக்கும் குரல். ஒரு வேலை கிடைத்த சந்தோஷக் குரல்.

"காயல்ல உம்மா. இன்னும் ஊதவா?"