வாய்விட்டு எழுதுகிறவள்

திருப்பத்தூரில் ஆட்டோ பிடித்து ஈஸ்வரி கீழச்சிவல்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது தெருவில் ஆளே இல்லை. வரிசையாகப் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளில் ஒன்றுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முத்துமாரி சாவிக்கொத்தோடு வாசலில் நின்றாள்.

"வாங்கக்கா. வீட்டுக்காரவுக கண்ணம்மை ஆச்சி சென்னையில இருந்து போன் பண்ணிச் சொன்னாக. கதை எழுதுறவுகளாமே?"

"எழுதிக்கிட்டு இருந்தேன். இப்ப வரமாட்டேங்குது. அதான் வந்தேன்."

கணவர் இறந்தபிறகு அவளால் ஒரு பக்கம்கூட எழுத முடியவில்லை. அவள் பழக்கம் அப்படி. வாக்கியத்தை முதலில் வாய்விட்டுச் சொல்வாள். காதுக்குச் சரியாகப் பட்டால்தான் தாளில் இறக்குவாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே இடத்தில், சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். போன் அணைந்திருக்க வேண்டும். பக்கத்தில் யாரும் கூடாது. மதுரை வீட்டில் அந்த நேரம் கணவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விடுவார். அவர் நிரந்தரமாகப் போனபின் வந்த அமைதி வேறு மாதிரி இருந்தது. அதில் ஒன்றும் முளைக்கவில்லை.

இந்த வீட்டின் முற்றத்தைச் சுற்றிய இரண்டாம் கட்டில், பூட்டிய அறை ஒன்றை ஒட்டிய மூலை அவளுக்குப் பிடித்துப்போனது. தெருச் சத்தம் அங்கே எட்டவில்லை.

"அங்குட்டு வேணாம்க்கா. இங்குட்டு உக்காருங்க, காத்தாச்சும் வரும்."

"அந்த ரூம்ல என்ன இருக்கு?"

"தெரியாதுக்கா. சாவி எங்கிட்ட குடுக்கல."

ஈஸ்வரி அந்த மூலையிலேயே மேசையைப் போடச் சொன்னாள்.

முதல் சில நாட்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்துத் தாளைக் கசக்கியதுதான் மிச்சம். பிறகு ஒரு மதியம், வெயில் முற்றத்தில் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தபோது, "அவள் கிணற்றடிக்குப் போனபோது..." என்று தொடங்கி, மேலே போக வழி தெரியாமல் நிறுத்தினாள்.

"...கயிறு ஏற்கெனவே நனைந்திருந்தது."

அதை அவள் சொல்லவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. வறண்ட, கிழிந்த குரல். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. மழையே இல்லாத அந்த வீட்டில் திடீரென்று ஈரச் சுண்ணாம்பு வாசனை எழுந்தது.

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் அது நல்ல வாக்கியம். இத்தனை நாளும் தவமிருந்தது அப்படி ஒன்றுக்குத்தான்.

எழுதிக்கொண்டாள்.

அதற்குப்பின் தினமும் நடந்தது. அவள் பாதி சொல்வாள், அது மீதியைச் சொல்லும். பக்கங்கள் நிரம்பின. இதுவரை எழுதியவற்றிலேயே இதுதான் உயர்ந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. பயத்தைவிட அந்த மகிழ்ச்சி பெரிதாக இருந்தது.

"மதியத்துல யார்கூடக்கா பேசுறீக?" என்று முத்துமாரி ஒருநாள் கேட்டாள்.

"நான் சத்தமா சொல்லித்தான் எழுதுவேன்."

"ரெண்டு குரல்ல கேட்டுச்சே."

ஈஸ்வரி தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் போனைப் போட்டதும் மகள் அக்ஷராவிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஏம்மா குசுகுசுன்னு பேசுற? பக்கத்துல யாராச்சும் தூங்குறாங்களா?"

அவள் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கூர்ந்து கேட்டாள். அவள் குரல் மெலிந்திருந்தது. சுவருக்குப் பின்னால் இருந்த குரலில் கிழிசல் போயிருந்தது. அது பெண் குரல். வாக்கியத்தின் முடிவில் லேசாக இழுக்கும் குரல்.

அந்த இழுப்பு அவளுடையது.

பெட்டியைக் கட்டினாள். கட்டிவிட்டு, கட்டில்மேல் கிடந்த கையெழுத்துப் பிரதியைப் பார்த்தாள். ஒரே ஓர் அத்தியாயம் பாக்கி. ஒரு மதியம் போதும்.

திரும்பிப்போய் மேசைமுன் உட்கார்ந்தாள்.

அன்று அவள் வாயைத் திறக்கும் முன்பே பூட்டிய அறைக்குள்ளிருந்து வாக்கியம் தொடங்கியது. முழுதாக, தெளிவாக, அவள் குரலில். அவள் குனிந்து எழுதினாள். எழுதி முடித்து, "போதும்" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

வெறும் காற்று வந்தது.

முத்துமாரி போன் செய்ததும் அக்ஷரா காரில் வந்து அழைத்துப்போனாள். மதுரை டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபோது அக்ஷராவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"முத்துமாரி பேசுறேம்மா. அக்கா எப்ப திரும்பி வந்தாக? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"அம்மா இங்கதான இருக்காங்க."

மறுமுனையில் முத்துமாரியின் குரல் தாழ்ந்தது.

"பூட்டுன ரூமுக்குள்ள இருந்து கதவைத் தட்டுறாகம்மா. உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுறாக. இருங்க, கதவுகிட்ட வைக்கிறேன்."

கரகரப்பு. பிறகு ஈஸ்வரியின் குரல், கடைசியில் லேசாக இழுத்தபடி.

"அக்ஷரா... என்னைய விட்டுட்டு யாரைக் கூட்டிட்டுப் போன?"

ஈஸ்வரி மேசையை அறைந்தாள். தலையை ஆட்டினாள். பேனாவை இழுத்துத் தாளில் ஊன்றினாள். கை நகரவில்லை. வாய்விட்டுச் சொல்லாமல் அவளுக்கு ஓர் எழுத்தும் வந்ததில்லை.

அக்ஷரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை மெல்லப் பின்னால் நகர்த்தினாள்.

"அம்மா?" என்று கேட்டாள், போனிடம்.