சலாம் சொன்ன கரும்பொருள்

"ஓடுங்கடா!" என்று கத்தினாள் தோக்ஜான்.

பனி மூடிய பள்ளி மைதானத்தில் முதல் வகுப்புப் பொடிசுகள் ஓடி வந்தார்கள். நடுவில் நீலக் குல்லாயோடு நின்ற அவளை நெருங்கியதும் சடக்கென்று நின்றார்கள். நெஞ்சில் கை வைத்து, "சலாம் அக்கா!" என்றார்கள்.

"ஐயோ! நான் இப்ப அக்கா இல்ல, பூமி! நீங்க கரும்பொருள். அது யாருக்காகவும் நிக்காது!"

"பெரியவங்களுக்குச் சலாம் சொல்லாமப் போனா அம்மா காதைத் திருகுவாங்களே," என்றான் அவள் தம்பி சன்ஜார்.

மறுநாள் அல்மாட்டி நகரத்தை ஒட்டிய மலைமேல் இருக்கும் வானாய்வகத்திலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள். விண்வெளியில் பாய்ந்து வரும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளும் பூமியின் ஈர்ப்பால் வளைந்து, பூமிக்குப் பின்னால் நெருங்கிக் கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதைக் காட்டத்தான் இந்த ஓட்டம். விருந்தினர் வருமுன் ஓடி ஒளிந்துவிட்டால் பனியில் தடம் மட்டும் தெரியும். அது தோக்ஜானின் யோசனை.

ரவ்ஷான் டீச்சர் பொறுமை இழந்துவிட்டார். "நாளைக்கும் நின்னாங்கன்னா பொடிசுங்க வேண்டாம். குச்சியால கோடு போட்டுக்கலாம்."

சன்ஜாரின் முகம் சுண்டிப்போனது. எந்த ஆட்டத்திலும் 'சின்னப் பையன்' என்று அவனை ஒதுக்கிவிடுவார்கள். இதற்காகவே பூட்ஸைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தான். தோக்ஜானுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள்.

காலையில் புதுப் பனி விழுந்திருந்தது.

"சலாம் சொல்லுங்க," என்றாள் பொடிசுகளிடம். "ஆனா நிக்கக் கூடாது. ஓடிக்கிட்டே என் பக்கம் திரும்பிச் சொல்லணும்."

ஓடினார்கள். தலை திரும்பிய பக்கம் காலும் திரும்பியது. அவளை ஒட்டி ஓடியவர்கள் அதிகம் வளைந்தார்கள், தள்ளி ஓடியவர்கள் கொஞ்சமாக வளைந்தார்கள். இருபக்கத் தடங்களும் அவள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன. பொடிசுகள் நிலக்கரிக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

விருந்தினர்கள் வந்தார்கள். ஆய்வாளர் அம்மா ஒருவர் குனிந்து பார்த்தார்.

"யாரு போனாங்கன்னே தெரியல. ஆனா பூமி இழுத்திருக்குன்னு தடம் சொல்லுதே!"

ரவ்ஷான் டீச்சர்தான் முதலில் கை தட்டினார்.

"கரும்பொருளை யாராலயும் பார்க்க முடியாது," என்றாள் தோக்ஜான் பெருமையாக.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"சலாம்!"

"சன்ஜார்! ஒளிஞ்சுக்கடா!"

"இவ்வளவு பெரியவங்க வந்திருக்காங்க. எப்படிக்கா சும்மா இருக்கிறது?"

ஆய்வாளர் அம்மா சிரித்துவிட்டார். பிறகு நெஞ்சில் கை வைத்து, கரும்பொருளுக்குப் பதில் சலாம் சொன்னார்.