ஐந்து மணி இருட்டு

ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை சற்று ஓய்ந்திருந்தது. அய்யாசாமி ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். தைலம்மாள் துணி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னால் போனாள். கியாக்தானில் ஓர் அரிசி மில்லில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தவன் அய்யாசாமி. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த புயல் மில்லின் கூரையைக் கொண்டுபோனது. அவர்களுடைய ஒரே மகள் ராதாவையும் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் தைலம்மாள் பல நாள் வரப்பு வரப்பாக நின்று மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தொண்டை கட்டிப் போகும்வரை கூப்பிட்டாள். எங்கிருந்தும் பதில் வரவில்லை.

பூத்தோட்டக்காரர் பர்கத்துல்லா வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தாடி, கசங்கிய லுங்கி. மனைவி இறந்து ஒரு வருஷமாகிறது என்று வேலை சொல்லி அனுப்பியவர் சொல்லியிருந்தார். தேநீர் கொடுத்தார், தங்குவதற்கு ஓலை வீட்டைக் காட்டினார், பிறகு கூடாரத்துக்கு அழைத்துப் போனார்.

இரும்புக் குழாய்களை வளைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்திய நீளமான கூடாரம். உள்ளே பாத்தி பாத்தியாகச் சாமந்தி. ஆடி மாதத்தை ஒட்டி வரும் வாஸோ பௌர்ணமிக்கு ரங்கூனில் பூ வாங்காத வீடு கிடையாது. ஆனால் பகல் நீண்டிருக்கும் அந்த மாதங்களில் சாமந்தி இலையாகவே வளர்ந்துகொண்டு போகும். இரவு நீண்டுவிட்டது என்று செடி நம்பினால்தான் மொட்டு வைக்கும். அதனால் மாலை ஐந்து மணிக்கே, வெளியே வெளிச்சம் இருக்கும்போதே, கூடாரத்தைச் சுற்றிக் கனமான கறுப்புத் துணியை இறக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட வேண்டும். காலை ஏழு மணிக்குத்தான் தூக்க வேண்டும். ஒரு கிழிசல் வழியாக வெளிச்சம் புகுந்தாலும் அந்த இடத்துச் செடி ஏமாறாது.

துணியை இறக்கினால் உள்ளே புழுக்கம் ஏறும். இலையில் ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். அதற்காக மேற்குக் கோடியில் இரண்டு பெரிய மின்விசிறிகள் உள்காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. கிழக்குக் கோடியில் கறுப்பு அடித்த பலகைகளை ஒன்றுவிட்டு ஒன்று நிறுத்தியிருந்தார்கள். காற்று வளைந்து வளைந்து உள்ளே வரும், வெளிச்சம் வராது. கரண்ட் போனால் ஜெனரேட்டர். அது மட்டும் கூடாரத்திலிருந்து வெகு தூரத்தில், கிணற்றுக்கும் அப்பால் கிடந்தது. இவ்வளவு நீளத்துக்கு ஒயர் இழுப்பானேன், பக்கத்தில் வைக்கலாமே என்று அய்யாசாமி கேட்டான். அங்கேயே இருக்கட்டும் என்றார் பர்கத்துல்லா.

பிறகு தைலம்மாளிடம் திரும்பி ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார்.

“கடைசி மடிப்பைக் கட்டுறதுக்கு முன்னாடி உள்ள பார்த்துக் கூப்பிடணும்மா. யாராவது இருக்கீங்களான்னு. கொஞ்சம் நின்னு கேட்டுட்டுத்தான் கட்டணும்.”

அவர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். ஐந்து மணியானால் கிணற்றடிக்குப் போய், கூடாரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார்.

வேலை பழகிவிட்டது. தினமும் துணியை இறக்குவார்கள். மடிப்பு மூடும் முன் அவள் உள்ளே தலையை நீட்டிப் பார்ப்பாள். வெளியே மரங்களில் காக்கை கரைந்துகொண்டிருக்கும், ரோட்டில் லாரி போகும். உள்ளே மட்டும் நள்ளிரவு. ஈர மண் வாசனையும் கசந்த இலை வாசனையும் முகத்தில் வந்து அடிக்கும். அவள் கூப்பிடுவாள். தன் குரல் இருட்டுக்குள் போய்த் திரும்பி வராமல் தொலைவதைக் கேட்டபடி நிற்பாள். ஒவ்வொரு நாளும் வரப்பில் நின்றதுபோலவே இருக்கும். கயிற்றைக் கட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

சில வாரங்களில் மொட்டு வந்தது. மிளகு போலச் சின்னச் சின்ன மொட்டுகள். பர்கத்துல்லாவின் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் தெளிவு தெரிந்தது. அந்தச் செடிகளின் தாய்ச்செடிகள் அவர் மனைவி நூருன்னிசா வளர்த்தவை. அவள் கைபட்டது வீணாகக் கூடாதென்றுதான் இந்த வருஷம் மறுபடி நட்டாராம்.

நடுப்பாத்தியில் மட்டும் ஓரிடத்தில் மொட்டு வரவில்லை. வட்டமாக, பத்துப் பதினைந்து செடிகள். பச்சைப் பசேலென்று இலை விட்டு நின்றன.

வெளிச்சம் எங்கிருந்தோ படுகிறது என்றான் அய்யாசாமி. ஒரு நாள் நல்ல உச்சி வெயிலில் துணியை முழுக்க இறக்கச் சொல்லி, உள்ளே போய்க் கண் பழகும்வரை உட்கார்ந்து பார்த்தான். ஊசி முனையளவு ஓட்டைகூட இல்லை. வெளியே வந்தவன், துணி சரியாகத்தான் இருக்கிறது, வெளிச்சம் வருவதானால் அது உள்ளேயிருந்துதான் வர வேண்டும் என்று சொன்னான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அன்று மாலையும் ஐந்து மணிக்குத் துணியை இறக்கினார்கள். அய்யாசாமி விசிறிப் பக்கம் போயிருந்தான். தைலம்மாள் கடைசி மடிப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

“யாராவது உள்ள இருக்கீங்களா?”

தூறல் பிளாஸ்டிக்கின் மேல் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது.

“இருக்கேன்.”

பெண் குரல். தூக்கத்திலிருந்து எழுந்தவள் சொல்வதுபோல அலுப்பாக இருந்தது.

தைலம்மாளின் கையிலிருந்து கயிறு நழுவியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு ராதாவின் நினைவுதான் வந்தது. இல்லை. இது வயதான குரல். தைலம்மாளை இன்னார் என்று அறியாத குரல்.

அவள் போட்ட கூச்சலைக் கேட்டு அய்யாசாமி ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் கோபப்படவில்லை. இரண்டு வருஷமாக எந்நேரமும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய், காது தானாகவே பதில் சொல்லிக்கொள்கிறது என்று மெதுவாகச் சொன்னான். இந்த வேலையும் போனால் வேறு போக்கிடம் இல்லை என்றும் சொன்னான். அவளை நகர்த்திவிட்டு மடிப்பை இழுத்து மூடி, முளையில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டான். போய் விசிறியைப் போட்டான்.

விசிறி ஓடினால் துணி உள்பக்கமாகத்தான் இழுபடும். அன்றும் இழுபட்டது. குழாய்களுக்கு நடுவே துணி குழிந்து, பட்டினி கிடந்த மாட்டின் விலாபோல எலும்பெலும்பாகத் தெரிந்தது.

அந்தக் குழியின் நடுவில் ஓரிடம் மட்டும் வெளியே புடைத்தது.

உள்ளங்கை அளவு.

பிறகு ஐந்து விரல்கள்.

அய்யாசாமி அசையாமல் நின்றான். கை துணியைத் தடவிக்கொண்டே நகர்ந்தது. அவசரமில்லாமல், சுவரில் வாசலைத் தேடும் ஆளைப்போல, கொஞ்சம் கொஞ்சமாக. மடிப்பு இருந்த இடத்துக்கு வந்தது. முடிச்சுக்கு நேரே வந்து நின்றது.

அழுத்தியது.

முடிச்சைப் போட்டவனே அதை அவிழ்த்தான். அவிழ்ப்பதற்குள் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. மடிப்பைத் தூக்கினான்.

யாரும் இல்லை.

ஆனால் உள்ளேயிருந்து ஜெனரேட்டர் புகையின் நாற்றம் குப்பென்று வந்தது. அன்று கரண்டு போகவே இல்லை. ஜெனரேட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நடுப்பாத்தியில், மொட்டு வராத அந்த வட்டத்தில், இலைகளின் மேல் மஞ்சளாக ஒரு வெளிச்சம் கிடந்தது. டார்ச் இல்லை, விளக்கு இல்லை, பிடித்திருக்கும் கையும் இல்லை. வெளிச்சம் மட்டும். தைலம்மாள் ஓரடி எடுத்து வைத்ததும் அது பேட்டரி தீர்வதுபோல மங்கி, சிவந்து, அணைந்தது.

அவள் கிணற்றடிக்கு ஓடினாள். பர்கத்துல்லா அப்போதும் முதுகைக் காட்டித்தான் நின்றிருந்தார். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திரும்பவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

“பயந்த குரலாம்மா?”

“இல்ல பாய். அலுத்துப் போன குரல்.”

அவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். தாடியில் கண்ணீர் இறங்கியது. உட்கார்ந்தபடியே சொன்னார்.

போன வருஷம் இதே பருவம். நல்ல மழை. கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டர் நனையக் கூடாதென்று கூடாரத்தின் கிழக்குத் தாழ்வாரத்துக்கு, காற்று உள்ளே போகும் பலகைகளுக்குப் பக்கத்தில், அவர்தான் தள்ளி வைத்தார். நூருன்னிசா தொழுகைக்கு வீட்டுக்குள் போய்விட்டாள் என்று நினைத்துத் துணியை இறக்கிக் கட்டினார். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு நடுப்பாத்தியில் இலை ஈரம் பார்க்கப் போயிருந்தாள். விசிறிகள் அத்தனை புகையையும் உள்ளே இழுத்தன. கூப்பிட்டிருப்பாள். மழைச் சத்தத்திலும் எஞ்சின் சத்தத்திலும் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

“ராத்திரி பூரா தேடினேன்மா. அக்கம்பக்கம், ரோடு, ரங்கூன் அலோன்ல அவ அக்கா வீடு வரைக்கும் போய்ட்டு வந்தேன். இந்தத் துணிக்குப் பின்னாடி மட்டும் தேடல.”

காலையில் துணியைத் தூக்கியபோது பாத்தி ஓரத்தில் உட்கார்ந்த நிலையில் இருந்தாளாம். மடியில் டார்ச் எரிந்துகொண்டிருந்ததாம்.

அவர் எழுந்து கூடாரத்தை நோக்கி நடந்தார். அவர்கள் வந்ததிலிருந்து அந்த நேரத்தில் அவர் அங்கே போனது அதுதான் முதல்முறை. மடிப்பைத் தூக்கித் தனியே உள்ளே போனார். அவர் குரல் கேட்டது. என்ன பேசினார் என்று புரியவில்லை. நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினார், எதிராளியின் பதிலைக் கேட்பவர்போல. இவர்களுக்கு எந்தப் பதிலும் கேட்கவில்லை. பிறகு இருமல். இருமிக்கொண்டே வெளியே வந்தார். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. உடுப்பெல்லாம் புகை நாற்றம்.

துணி முழுவதையும் தூக்கச் சொன்னார்.

இப்போது தூக்கினால் மொட்டு நின்றுவிடும், வாஸோவுக்குப் பூ இருக்காது என்றான் அய்யாசாமி. தங்கள் பிழைப்பும் அதோடு போகும் என்று அவன் சொல்லவில்லை. அது அவன் முகத்திலேயே இருந்தது.

“போகட்டும் தம்பி. மழை முடிஞ்சு வர்ற தாதின்ஜுட் பண்டிகைக்கு இரவு தானா நீளும், அப்ப பூக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் இருங்க. இனிமே நான் எதையும் மூட மாட்டேன்.”

மூவரும் சேர்ந்து கயிறுகளை அறுத்தார்கள். துணி பொதபொதவென்று சேற்றில் விழுந்தது. மாலை வெளிச்சம் பாத்திகளின் மேல் விழுந்தது. மேற்கிலிருந்து வந்த ஈரக்காற்று ஒரு கோடியில் நுழைந்து மறு கோடியில் வெளியேறியது. புகை நாற்றம் மெல்ல மெல்லக் கரைந்தது. பர்கத்துல்லா நடுப்பாத்தியின் அருகே குந்தி, மொட்டில்லாத செடிகளைத் தொட்டுக்கொண்டிருந்தார். தைலம்மாளுக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பொறாமை என்று அவளே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள். இவர் ஆள் பதில் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் வீட்டுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

வீட்டில் யாருமில்லை. மூன்று பேரும் இங்கேதான் நின்றிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னறை ஜன்னலின் மரக்கதவு உள்ளேயிருந்து வெளியே தள்ளப்பட்டது. ஆடாமல் நிற்கும்படி அதன் கொக்கி மாட்டப்பட்டது. அடுத்து பக்கத்து ஜன்னல். அடுத்து படுக்கையறை ஜன்னல். ஒவ்வொன்றாக, நிதானமாக.

பர்கத்துல்லா எழுந்து நின்று பார்த்தார். அவர் போகவில்லை. இவர்களையும் போகவிடவில்லை. கையை மட்டும் நீட்டித் தடுத்தார்.

அந்த மழைக்காலம் முழுக்க அந்த ஜன்னல்களை யாரும் சாத்தவில்லை. சாரல் வீட்டுக்குள் அடித்தது. அவர் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டாரே தவிர ஒரு கதவையும் தொடவில்லை. காலையில் தைலம்மாள்தான் தரையைத் துடைக்கப் போவாள். படுக்கையறை ஜன்னலடியில் தரை முழுக்க நனைந்து பளபளவென்றிருக்கும். ஓரிடம் மட்டும், ஓர் ஆள் நின்று வெளியே பார்க்கும் அகலத்துக்கு, துளி ஈரமில்லாமல் காய்ந்து கிடக்கும்.

அந்த இடத்தைச் சுற்றித் துடைத்துவிட்டு அவள் வந்துவிடுவாள்.