சுபநேரத்தில் திறந்த மடிக்கணினி

முற்பகல் 11.42.

வானொலியில் மேளம் முழங்கி அடங்கியது. குருநாகல் ஏரிக்குப் பின்புறத் தெருக்களில் ஒரே நேரத்தில் பட்டாசு வெடித்தது. புத்தாண்டின் முதல் வேலையைத் தொடங்க இதுதான் சுபநேரம். சந்திரலதா தெற்கே பார்த்து உட்கார்ந்து புது மடிக்கணினியைத் திறந்தாள்.

அவள் தொடங்க நினைத்த வேலை ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன் டெங்குக் காய்ச்சலில் போய்விட்ட மகன் சமித்தவின் முகத்தைத் தெளிவாகப் பார்ப்பது. பழைய கணினியின் திரையில் கோடு விழுந்து பாதி முகம்தான் தெரியும். அதனால்தான் புதியது வாங்கினார்கள்.

திரையில் ஒரு மலையின் படம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. மகனின் படங்கள் இல்லை, அவன் பேசிய காணொளிகள் இல்லை. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் பட்டாசு கொளுத்தியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

பிற்பகல் 1.15.

சப் இன்ஸ்பெக்டர் மாலனி தென்னகோன் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கொட்டாவி விட்டாள். நேற்றுக் காலையிலிருந்து காவல் கடமை. பிள்ளை குட்டி உள்ளவர்களுக்கெல்லாம் பண்டிகை விடுமுறை. இவளுக்கு இல்லை, பதினொரு வருஷமாக இல்லை. விடுமுறை கேட்கவும் அவளுக்கு அலுத்துவிட்டது. எங்கே போனாலும் முதலில் அங்கிருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பாள். மாலை ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவாள். அது ஒரு வியாதி போல ஒட்டிக்கொண்டுவிட்டது.

வீட்டில் மூன்று பேர். சந்திரலதா அழுது ஓய்ந்திருந்தாள். அவள் கணவர் விஜேபால ஏக்கநாயக்க, ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தார். சந்திரலதாவின் தம்பி ரோஹண மட்டும் துள்ளிக்கொண்டிருந்தான்.

"அந்தக் கடைக்காரப் பயலை விடாதீங்க மேடம். மெஷினே சாட்சி சொல்லுது, இங்க பாருங்க" என்று மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். கணினியை முழுக்க அழித்துப் புதிதாகத் தொடங்கிய நேரம் அதில் இருந்தது. நேற்று, ஏப்ரல் 13, மாலை 6.40.

"அவன் எத்தனை மணிக்கு இங்க இருந்தான்?"

"அஞ்சரைலேருந்து ஏழேகால் வரைக்கும். சரியா மாட்டிக்கிட்டான்."

"அழிக்க அவனுக்கு என்ன தேவை?"

ரோஹண அத்தானை ஓரக்கண்ணால் பார்த்தான். "கோபம்தான். வீட்டுக்கு வந்து சரி பண்ணிக் கொடுக்க ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா கூலி. அக்கா கொடுத்துட்டா. அத்தான் வாசல்ல வச்சே அவனைப் போட்டுத் திட்டினாரு."

"திட்டத்தான் செஞ்சேன்" என்றார் விஜேபால, தரையைப் பார்த்தபடி. "நாலு பட்டனை அமுக்கிறதுக்கு ஏழாயிரத்து ஐந்நூறா? நானே செஞ்சிருப்பேன்."

"ஆமா, கிழிச்சீங்க" என்றாள் சந்திரலதா. "மூணு லட்சத்துக்கு ஆனையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுத மனுஷன். எனக்குப் பயமா இருந்துச்சு மேடம். பிள்ளையோட படம் எல்லாம் பழசுலேருந்து புதுசுக்கு மாறணுமே. தெரிஞ்சவன் கையால நடக்கட்டும்னு கொடுத்தேன்."

"பழசு எங்க?"

"கடையில எடுத்துக்கிட்டாங்க. அதுக்காக விலையில குறைச்சாங்க."

மாலனியின் கைபேசியில் டேட்டா தீர்ந்திருந்தது. நிலையத்திலிருந்து செய்தி வரவேண்டும். "மாமா, உங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டு என்ன?"

"எனக்கு எங்க தெரியும்? பையன் வச்சது. அவளைக் கேளுங்க."

சந்திரலதா அவளைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய்க் காதோடு சொன்னாள். "இவரு பேருதான். பையன்தான் வச்சான். இன்னிக்கு வரைக்கும் இவரு கேட்டதுமில்ல, நான் சொன்னதுமில்ல. அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவாரு."

கூடத்தில் ரோஹண அதே வைஃபையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். மாலனி மேசையில் பண்டிகைக்காக வெட்டி வைத்திருந்த பாற்சோற்றில் ஒரு துண்டை எடுத்து நின்றபடியே தின்றாள். ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் நன்றாக இருந்தது.

பிற்பகல் 1.50.

கான்ஸ்டபிள் பண்டார ஜீப்பிலிருந்து அந்தப் பையனைக் கூட்டிவந்தான். அசேல, வயது இருபத்து நான்கு. புதுச்சட்டையில் மஞ்சள் கறை. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"முதலாளி போன் பண்ணிட்டாரு மேடம்" என்றான் அவன். "பொலிஸ் கேஸ்னா நாளையிலேருந்து வராதேன்னுட்டாரு. நான் ஒண்ணும் செய்யல."

"நேத்து என்ன செஞ்சே? வரிசையாச் சொல்லு."

"வந்ததும் அம்மா சொன்ன பாஸ்வேர்டைப் போட்டு நெட்டுல இணைச்சேன். அப்புறம் அம்மாவுக்கு நாலு இலக்கத்துல ஒரு ரகசிய எண் வச்சேன். அது போட்டாத்தான் திறக்கும். பிறகு படம் எல்லாத்தையும் மாத்தினேன். அதுக்குத்தான் நேரம் போச்சு. அம்மாவுக்கு ஒரு காணொளியும் போட்டுக் காட்டினேன்."

"ஆமா, கொஞ்சம் பாத்தேன்" என்றாள் சந்திரலதா. "மீதியைச் சுபநேரத்துல பாக்கலாம்னு நிறுத்தச் சொன்னேன். ஆனா இன்னிக்கு ரகசிய எண் எதுவும் கேக்கலையே, தம்பி? மூடியைத் தூக்கினதும் தானா திறந்துச்சே."

"பாத்தீங்களா, பொய்!" என்றான் ரோஹண.

அசேல மாலனியின் பக்கம் திரும்பினான். "சத்தியமா வச்சேன் மேடம்."

"எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாத் தொடங்க எவ்வளவு நேரமாகும்?"

"குறைஞ்சது ஒன்றரை மணி நேரம்."

"பழைய கம்ப்யூட்டர்?"

"அது..." அவன் பண்டாரவைப் பார்த்தான், பிறகு கால் விரலைப் பார்த்தான். "அதை நேத்தே அழிச்சிட்டேன். வாங்கின அன்னிக்கே அழிக்கணும், கடைச் சட்டம்."

சந்திரலதா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவனைப் பிடிக்க நான் பட்ட பாடு" என்று பண்டார முணுமுணுத்தான். "இவன் ஊருக்கு நேத்து ராத்திரி ஏழே முக்கால் பஸ்ஸோட சரி. இன்னிக்கு ஒண்ணுமே இல்ல. ஜீப்பு குழியில இறங்கி இறங்கி இடுப்பே போச்சு."

மாலனி மடிக்கணினித் திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே மணி 1.20. ஆறு மணிக்கு இன்னும் நாலு மணி நாற்பது நிமிஷம் இருக்கிறதே என்று அவளுக்கு அழுகையே வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். 1.50. அப்பாடா என்று இருந்தது.

பிறகுதான் உறைத்தது.

மறுபடியும் குனிந்து பார்த்தாள். 1.20 என்பதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னும் ஒன்று இருந்தது. முற்பகல். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"அம்மா, இன்னிக்குக் காலையில வீட்டுல யார் யார்?"

"புண்ணிய காலம்தானே மேடம். அடுப்பு மூட்டக் கூடாது, ஒரு வேலையும் செய்யக் கூடாது. நான் அஞ்சரைக்கே விகாரைக்குப் போயிட்டேன், வரும்போது ஒன்பதரை. இவருக்கு முழங்கால் வலி, வரல. தம்பி நேத்து ஏத்தினது இறங்காம முன்னறையில குறட்டை."

ரோஹண மறுக்கவில்லை.

மாலனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிற்கத் தெம்பில்லை.

"மெஷின் பொய் சொல்லல. 6.40ன்னுதான் சொல்லுது. ஆனா அது நம்ம ஊரு 6.40 இல்ல. இதோட மணியைப் பாருங்க. அரை மணி பின்னால ஓடுற மாதிரித் தெரியும். உண்மையில பன்னிரண்டரை மணி பின்னால ஓடுது. அமெரிக்காவோட மேற்குக் கரை நேரம். நெட்டுல இணைக்காம விட்டா, நீ எந்த ஊருல இருக்கேன்னு அதுக்குத் தெரியாது. பிறந்த ஊரு நேரத்தையே பிடிச்சுக்கிட்டு இருக்கும்."

அசேல தலையை நிமிர்த்தினான். "ஆமா மேடம்! இணைச்சா தானா மாறிடும்!"

"நேத்து மாலை 6.40ஓட பன்னிரண்டரையைக் கூட்டுங்க. இன்னிக்குக் காலை ஏழு பத்து. அசேல அப்ப அவன் ஊருல இருந்தான், பஸ்ஸும் இல்ல. அம்மா விகாரையில. வீட்டுல ரெண்டு பேரு."

"நான் தூங்கிட்டிருந்தேன்!" என்று ரோஹண எழுந்தே விட்டான்.

"உட்காருங்க. நீங்க செஞ்சிருந்தா நெட்டுல இணைச்சிருப்பீங்க. பாஸ்வேர்டு உங்க போன்லயே இருக்கு. இதைத் திரும்பத் தொடங்கினவருக்குப் பாஸ்வேர்டு தெரியாது. இந்த வீட்டுல அது தெரியாத ஆள் ஒருத்தர்தான்."

தெருவில் பிள்ளைகள் தலையணைச் சண்டைப் போட்டிக்குக் கம்பம் நடும் சத்தம் கேட்டது.

"முப்பது வருஷம் ரயிலுக்கு மணி பாத்தவரு நீங்க, மாமா" என்றாள் மாலனி. குரலில் கோபம் இல்லை. "மூலையில இருந்த மணியைப் பாக்க விட்டுட்டீங்களே."

விஜேபால முழங்கால் துணியின் முடிச்சை நோண்டினார். "கண்ணுல தண்ணி நிக்கும்போது எந்த மணி தெரியும்?"

சந்திரலதா அவரையே பார்த்தாள்.

"நீ போனதும் பாக்கலாம்னு தோணுச்சு, சந்திரா. தனியா. உன் முன்னால அழக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா இருந்தாச்சு. திறந்தா ரகசிய எண் கேட்டுது. அவன் பிறந்த வருஷத்தைப் போட்டேன், இல்ல. செத்த வருஷம், இல்ல. பெட்டிக்குள்ள ஒரு தாள் இருந்துச்சு, எண் மறந்தா என்ன செய்யணும்னு. அது சொன்னபடியே அமுக்கினேன். எல்லாத்தையும் நீக்கவான்னு கேட்டுச்சு. பூட்டை எல்லாம் நீக்கும்னு நினைச்சு ஆமான்னுட்டேன். ஒன்றரை மணி நேரம் சுத்திச்சு. திறந்தா மலைப் படம்."

"அதைச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். நீ கத்தின கத்துல வாய் வரல. அதுக்குள்ள ரோஹண, அந்தப் பையன்தான்னுட்டான். நான் சும்மா இருந்துட்டேன்."

"சும்மா இருந்தீங்க" என்றாள் அவள். "ஒருத்தி பெத்த பிள்ளை, பண்டிகைச் சோத்துல கை வச்சிருந்தவன், பொலிஸ் ஜீப்புல உட்கார்ந்திருக்கான். நீங்க சும்மா இருந்தீங்க."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இந்த வீட்டில் இரண்டும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. விஜேபாலவுக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. சந்திரலதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "பழசும் போச்சு. இனி அவன் குரலை நான் எங்க போய்க் கேப்பேன்?"

மாலனி நெற்றியைத் தேய்த்துவிட்டாள். எழுந்து போய்விடலாம். வழக்கு முடிந்தது. ஆனால் இன்னொரு பொய் பாக்கி இருந்தது, அதை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

"அசேல, நேத்து இங்கேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினே?"

"ஏழேகால்."

"கடைசி பஸ் ஏழே முக்கால். அதுல போனியா?"

"போனேன் மேடம்."

"நடுவுல இருந்தது அரை மணி. ஒரு கம்ப்யூட்டரை அழிக்க ஒன்றரை மணின்னு நீதான் சொன்னே. பழசை எப்ப அழிச்சே?"

அசேல வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தான்.

"மேடம்... முதலாளிக்குத் தெரிஞ்சா..."

"தெரியாது. சொல்லு."

"அழிக்கல. கடை அலமாரியில வச்சுப் பூட்டிட்டு ஓடிட்டேன். அம்மா காத்திருப்பாங்க, பஸ்ஸை விட்டா வேற வழியில்ல. அதுக்கப்புறம் புண்ணிய காலம், எவன் வேலை செய்வான்? கடைக்கு வேலை தொடங்குற நேரமே பதினேழாந்தேதிதான். அன்னிக்கு வந்ததும் முதல் வேலையா அழிச்சுடலாம்னு..."

சந்திரலதா அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே நின்றாள்.

மாலை 5.30.

முதலாளி கடைக்கு மேல்மாடியில்தான் குடியிருந்தார். மாலனி நேரில் போய், பொலிஸ் விசாரணைக்குப் பழைய கணினி தேவை என்றாள். பையன் மேல் தவறில்லை என்றும் சொன்னாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

அசேல மேசையில் இரண்டு கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்தான். முதலில் வைஃபை. விஜேபால பின்னால் நின்றிருந்தார்.

"மாமா, நேத்து அம்மா சொன்னது மறந்துடுச்சு. பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றான் அசேல.

"எனக்குத் தெரியாதேப்பா."

"உங்க பேருதான்" என்றாள் சந்திரலதா, அவரைப் பார்க்காமல். "பிள்ளை வச்சது."

கிழவர் நொண்டிக்கொண்டே உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டு வெற்றிலை, அதற்குள் மடித்த ரூபாய் நோட்டுகள்.

"நேத்தே அம்மா கொடுத்துட்டாங்க, மாமா" என்று அசேல எழுந்தான்.

"அது நேத்து வேலைக்கு."

புத்தாண்டன்று இளையவர்கள்தான் பெரியவர்களுக்கு வெற்றிலை கொடுத்து வணங்குவார்கள். விஜேபால இரண்டு கையாலும் வெற்றிலையை அந்தப் பையனிடம் நீட்டினார். வலிக்கிற முழங்காலை மடக்கக் குனிந்தார். அசேல பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினான். "ஐயோ, வேணாம் மாமா, வேணாம்." ஆனால் வெற்றிலையை வாங்கிக்கொண்டான்.

மாலனி வாசலில் காலணியை மாட்டினாள். மணி ஆறாக ஐந்து நிமிஷம். ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து ஒரு பையனின் குரல் வந்தது, சிரிப்பும் கூச்சலுமாக, ஏதோ பழைய புத்தாண்டுப் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில்.

"அப்பா, மணி பாத்தது போதும். இங்க என்னைப் பாருங்க!"

உள்ளே விஜேபால வாய்விட்டு அழுதார். சந்திரலதா எழுந்து போய் அவர் பக்கத்தில் நிற்பது வாசல் வழியாகத் தெரிந்தது.

"போகலாமா மேடம்?" என்று பண்டார கேட்டான். "ஆறாயிடுச்சு."

"எஞ்சினை நிறுத்து" என்றாள் மாலனி. "சத்தத்துல கேக்க மாட்டேங்குது."