வெள்ளைச் சோறு

கதவு திறக்குமுன்பே சபாபதி பேச ஆரம்பித்துவிட்டார். அவருடைய மெஸ்ஸில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். மூன்றாமவன் மூச்சுத் திணறிக் கிடக்கிறான். விஷம் வைத்த சமையல்காரியைப் பிடித்து விறகுக் கொட்டகையில் பூட்டியாயிற்று. போலீஸுக்குப் போவதற்கு முன் ஐயா ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்த முத்துக்குமாரு யாழ்ப்பாணத்தார். கிள்ளான் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் டாக்டருக்கு அடுத்தபடியான டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். கடல் கடந்து வந்த தமிழர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் யாருக்கும் விளங்காத சாவு நடந்தால் அவரிடம் வந்து சொல்வது வழக்கமாகிவிட்டிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் மஸ்ஜித் இந்தியா மருந்துக்கடைக் கம்பவுண்டர் ராதாகிருஷ்ணனும் அங்கே இருந்தார். இந்த மாதிரிச் செய்தி என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

"அண்ணே, ஒத்தச் செருப்போட வந்திருக்கீங்க" என்றார் ராதாகிருஷ்ணன்.

சபாபதி குனிந்து பார்த்தார். இடது கால் வெறுங்காலாக இருந்தது. தரையில் வாசலிலிருந்து அவர் நின்ற இடம் வரை ரத்தத் திட்டுகள். பதற்றத்தில் கவனிக்கவில்லை என்றார். முத்துக்குமாரு அவரை உட்காரவைத்து, பாதத்தில் ஏறியிருந்த கண்ணாடிச் சில்லை இடுக்கியால் இழுத்தெடுத்தார். எடுக்கும்போதும் சபாபதி பேச்சை நிறுத்தவில்லை.

ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் பதினான்கு ஆண்களுக்கு அவர் மெஸ் நடத்தினார். முதலில் செத்தவன் நாகையா. சம்மட்டி அடிப்பவன், மெஸ்ஸிலேயே அதிகம் சாப்பிடுகிறவன். தை பிறந்ததும் கால் வீங்கியது. ஒருநாள் குளிக்கப் போனவன் சுருண்டு விழுந்தான். இருபது நாள் கழித்து ஜெயராஜ். அவனும் கல்லு மாதிரி ஆள். இருவருக்கும் இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இப்போது கன்னையா.

"அந்தப் பொம்பள ஆக்கின சோத்த அவ தொட்டதே இல்லீங்க. தனியா ஒரு சட்டியில பொங்கித் தின்னா. கோழிக்கு மிச்சச் சோத்தப் போட்டா, அதுங்க கழுத்து முதுகுப் பக்கமா வளைஞ்சு தள்ளாடுது. வேற என்ன சாட்சி வேணும்?"

"அரளி விதை" என்றார் ராதாகிருஷ்ணன் உடனே. "நெஞ்சைத்தான் பிடிக்கும்."

முத்துக்குமாரு தை மாதத்திலிருந்து விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணினார். தீபாவளிக்குப் பிறகு மெஸ்ஸில் புதிதாக என்ன வந்தது என்று மட்டும் கேட்டார். சபாபதிக்கு அந்தத் துயரத்திலும் சற்றுப் பெருமை வந்தது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். ரேஷன் புழுங்கல் அரிசியின் வாடை இன்னும் அவர் மூக்கில் இருந்தது. தன் பையன்கள் துரைமார் வீட்டில் வேகிற மாதிரி சோறு தின்னட்டும் என்று தீபாவளியிலிருந்து சியாம் பச்சரிசிக்கு மாற்றிவிட்டார். நன்றாகத் தீட்டிய, பல் மாதிரி வெளுத்த அரிசி. தண்ணீர் தெளியும்வரை கழுவச் சொல்வார். கஞ்சியை வடித்துச் சாக்கடையில் கொட்டச் சொல்வார். சம்பளம் பாதியான காலம். கறி மீனெல்லாம் நின்று ரசமும் ஊறுகாயும்தான். சோறாவது வயிறு நிறைய, வெள்ளையாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

"வாரும், போவம்" என்று முத்துக்குமாரு எழுந்தார். வழியில் ராதாகிருஷ்ணனிடம் பச்சைப் பயறும், நெல் மில்லில் இருந்து புதுத் தவிடும் வாங்கிவரச் சொன்னார். தவிடு எதற்கு என்று கேட்க வாயெடுத்த ராதாகிருஷ்ணன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினார்.

மெஸ்ஸில் கன்னையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வரவில்லை. முத்துக்குமாரு அவன் கணுக்காலில் விரலை அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. பிறகு கொல்லைக்குப் போய்க் கோழிகளைப் பார்த்தார். கொட்டகையைத் திறக்கச் சொன்னார். நல்லம்மாள் வெளியே வந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அது யாருடைய கை என்று சபாபதிக்குத் தெரியும்; அவர் வேறு பக்கம் பார்த்தார்.

எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார் முத்துக்குமாரு. சபாபதியையும், நல்லம்மாளையும்கூட.

"எல்லாரும் குந்துங்கோ. இனிக் கையை ஊண்டாமல் எழும்புங்கோ."

நல்லம்மாள் சேலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். ஆண்களில் இரண்டு பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் தரையைப் பிடித்தார்கள், பக்கத்து ஆளின் தோளைப் பிடித்தார்கள். சம்மட்டி தூக்குகிற ஆண்கள். ஒருவரை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டார்கள். கால் மரத்துப் போவது ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருக்கிறது. சொன்னால் வேலை போகும், கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறார்கள். சபாபதி எழ முயன்றார். முட்டிகள் அவருடையவை போலவே இல்லை. மண்ணில் கை ஊன்றி அப்படியே இருந்துவிட்டார்.

"ஒருத்தரையும் ஆரும் கொல்லேல்லை" என்றார் முத்துக்குமாரு. "விஷம் வைச்சால் மெலிஞ்சவன் முதல்லை சாகவேணும். இஞ்சை பலசாலிதான் செத்தான், கூடச் சோறு திண்டவன். சபாபதிக்குக் காலிலை கண்ணாடி ஏறியும் நோகேல்லை. கோழியும் அதே சோத்தைத் திண்டு கழுத்து வளைஞ்சு நிக்குது. எல்லாம் ஒரே வருத்தம், ஒரே நோய்தான். பெரிபெரி."

அதற்குள் வந்து சேர்ந்திருந்த ராதாகிருஷ்ணன், அது ஈயச் சுரங்கத்துச் சீனர்களுக்கு வருவதல்லவா, தமிழர்களுக்கு வராதே என்று கேட்டார்.

"அதாலைதான் ஒருத்தருக்கும் நினைப்பு வரேல்லை. என்ரை வார்டிலை அந்த நாள்களிலை நூற்றுக்கணக்கிலை சீனர் கிடந்தினம், தமிழர் ஒருத்தரும் இல்லை. தமிழர் திண்டது புழுங்கல். உமியோடை அவிக்கேக்கை தவிட்டுச் சத்து அரிசிக்குள்ளை இறங்கிப்போகும். பச்சையாத் தீட்டினால் அது முழுக்கத் தவிட்டோடை பண்டிக்குத் தீனியாப் போயிடும்."

அவர் கன்னையாவின் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகள், செல் என்கிறார்கள். தின்ற சோறு ஒவ்வோர் அறைக்குள்ளும் போய் எரிகிறது. அந்தச் சூட்டில்தான் மனிதன் நடக்கிறான், மூச்சு விடுகிறான். ஆனால் சோறு வெறும் விறகு. அதை எரியவிடுவது தவிட்டில் இருக்கிற ஒரு துளிச் சத்து. அது இல்லாவிட்டால் விறகு பாதி எரிந்து, உள்ளே புளித்துத் தேங்கிவிடும். சோறு கூடக்கூடச் சத்தும் கூட வேண்டும். ஒரு கணமும் ஓயாத இதயமும் நரம்பும்தான் முதலில் பட்டினி கிடக்கும், வயிறு நிறைந்திருக்கும்போதே.

பிறகு நல்லம்மாளிடம் அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

"மாத்தினப்ப மிச்சமிருந்த பழைய புழுங்கல நீயே வச்சுக்கன்னு முதலாளி குடுத்தாருங்க. அதத்தான் கஞ்சி வச்சுக் குடிச்சேன்" என்றாள் அவள். "பந்தியில இருக்கிற சோத்த எடுத்துத் திங்கிற பழக்கம் எனக்கு இல்ல."

அப்போது தன் பெயரை முத்துக்குமாரு சொல்லப்போகிறார் என்று சபாபதி காத்திருந்தார். அவர் சொல்லவில்லை. தவிட்டை ஊறவைத்து வடிகட்டுவது எப்படி என்று ராதாகிருஷ்ணனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது சபாபதிக்கு.

"நாந்தான்யா" என்றார் அவர், தரையில் இருந்தபடியே. "அரிசிய மாத்தினது நான். நாகையாவுக்கு ரெண்டாந்தடவ சோறு போட்டதும் நான். அந்தப் பொம்பளய அடிச்சதும் நாந்தான்."

கன்னையா பிழைத்தான். எட்டாம் நாள் படுத்துத் தூங்கினான். கோலூன்றி நடக்க இரண்டு மாதம் ஆயிற்று. நல்லம்மாள் முதல் ஒரு வாரம் பயறும் புழுங்கல் கஞ்சியும் ஆக்கிப் போட்டாள். எட்டாம் நாள் காலை துணி மூட்டையோடு வந்து நின்றாள். பண்டமாரானில் தங்கச்சி இருக்கிறாள், போகிறேன் என்றாள். சபாபதி இருக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அவர் முன்னால் பாதி எழுதிய கடிதம் இருந்தது. யாருக்கு என்று கேட்டாள். நாகையாவின் தாய்க்கு என்றார். சந்தேகம் வந்ததுமே எழுதிப் போட்ட முதல் கடிதம் போன கப்பலிலேயே போய்விட்டது. அதில் சமையல்காரி விஷம் வைத்துவிட்டாள் என்று எழுதியிருந்தார். இது அடுத்த கப்பலில்தான் போகும். அதுவரை அந்தத் தாய் யாரைச் சபித்துக்கொண்டிருப்பாள் என்பதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

"அதுல என் பேரு போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

அவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"அப்ப இதுலயும் போடுங்க. எழுதிட்டு வாசிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டுப் போறேன்."